அசோலாவா, நீலப்பச்சைப் பாசியா, சிவப்புக் கரைசலா: தாமிரபரணி வயலுக்கு எது ஒத்துவரும்?

தாமிரபரணியின் கன்னடியன் கால், கோடகன் கால் ஆகிய வாய்க்கால்களில் தண்ணீர் வந்து, தொழி அடித்துச் சேறு கலக்கத் தொடங்கியதும் உரக்கணக்கும் கூடவே வந்துவிடும். அம்பை 16 போன்ற குறுகிய கால நெல் ரகங்களுக்கு நம் பக்கத்துப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது ஏக்கருக்கு 48 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ இருக்கும். ஆக, ஏக்கருக்கு இரண்டேகால் மூட்டைக்குச் சற்று மேலே போகிறது. இதில் எவ்வளவை வயலே காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும், அதற்கு எதைத் துணைக்கு விடுவது என்று யோசிப்பவர் முன்னால் இன்று மூன்று பொருள்கள் வந்து நிற்கின்றன: செதில் செதிலாகக் காய்ந்த நீலப்பச்சைப் பாசி, குளத்தில் மிதக்கும் அசோலா, வெயிலில் வைத்துச் சிவக்க வைக்கும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாக் கரைசல்.

மூன்றிலும் வேலை செய்வது ஒளியை உண்டு வாழும் பாக்டீரியாதான். நீலப்பச்சைப் பாசி பெயரில்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா. அசோலா ஒரு பெரணிச்செடி என்றாலும், அதன் இலைக் குழிக்குள் குடியிருக்கும் நாஸ்டாக் இனத்து நீலப்பச்சைப் பாக்டீரியாதான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கிறது. பிறகு ஏன் ஒன்று ஒரு வயலில் பிடிக்கிறது, இன்னொன்று அடுத்த வயலில் பாழாகிறது? விடை அந்தச் செல்லுக்குள் நடக்கும் கார்பன், நைட்ரஜன் வரவு செலவில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் பாக்கெட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் காசுதான் வீணாகும். எனவே முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

செல்லுக்குள் இருக்கும் தராசு

நீலப்பச்சைப் பாக்டீரியா பகலில் கரியமில வாயுவை இழுத்துச் சர்க்கரையாக்கும். உடம்பு வளர்வதற்குச் சர்க்கரை மட்டும் போதாது. ஏறக்குறைய ஆறேழு கார்பன் அணுவுக்கு ஒரு நைட்ரஜன் அணு வேண்டும். இரண்டும் சேருமிடம் ஒன்றே. சர்க்கரை சிதைந்து வரும் ஐந்து கார்பன் கொண்ட 2-ஆக்ஸோகுளூட்டரேட் என்ற பொருளின் மேல் அம்மோனியா ஏற்றப்பட்டுக் குளூட்டமேட் ஆகிறது. அம்மோனியா முதலில் குளூட்டமைனாகப் பிடிக்கப்பட்டு, அதிலிருந்து 2-ஆக்ஸோகுளூட்டரேட்டுக்கு மாறுகிறது. செல்லின் எல்லாப் புரதமும் இந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

பெரும்பாலான உயிர்கள் 2-ஆக்ஸோகுளூட்டரேட்டை மூச்சு விடுவதற்காக மேலும் எரித்துவிடும். நீலப்பச்சைப் பாக்டீரியாவில் அப்படி எரிக்கும் வழக்கமான நொதிக் கூட்டு கிடையாது. அதனால் அம்மோனியா குறைந்தால் இந்தப் பொருள் செலவாக வழியில்லாமல் தேங்கும். அம்மோனியா வந்தால் சட்டென்று வடியும். இந்தத் தேக்கமே செல்லுக்குப் பசி அறிகுறி. அது கூடும்போது என்டிசிஏ என்ற கட்டுப்பாட்டுப் புரதம் விழித்து, நைட்ரஜன் தேடும் மரபணுக்களை இயக்குகிறது. அது குறையும்போது பி-டூ என்ற இன்னொரு புரதம், நைட்ரேட்டை உள்ளே இழுக்கும் வாயில்களில் போய் உட்கார்ந்து அடைக்கிறது. மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஆள் வைத்த மாதிரிதான்.

நைட்ரஜன் பிடிப்பது மலிவான வேலை இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் 16உம், 8 எலக்ட்ரானும் செலவு. அதைச் செய்யும் நைட்ரோஜனேஸ் நொதியோ ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். ஒளிச்சேர்க்கையோ ஆக்ஸிஜனை வெளியிடுகிறது! அனபீனா போன்ற இழைப் பாசிகள் இந்தச் சிக்கலுக்கு வேலைப் பிரிவினை செய்துகொண்டன. பத்து, இருபது செல்லுக்கு ஒன்று தடித்த சுவரோடு ஹெட்டிரோசிஸ்டாக மாறும். அது ஆக்ஸிஜன் வெளியிடுவதை நிறுத்திவிடும், கரியமில வாயுவையும் பிடிக்காது. பக்கத்துச் செல் சர்க்கரை கொடுக்க, இது பதிலுக்குக் குளூட்டமைன் கொடுக்கும். அம்மோனியா தீர்ந்த பிறகு ஒரு ஹெட்டிரோசிஸ்ட் தயாராக ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அம்மோனியா இருந்தால் புதிதாக உருவாகவே உருவாகாது.

இவ்வளவு செலவான வேலையை, யூரியா சும்மா கிடைக்கும்போது எந்தச் செல்லும் செய்யாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

நீலப்பச்சைப் பாசி: மலிவு, பொறுமை, ஆனால் யூரியாவோடு பகை

நெல் வயலின் இயற்கை வளத்தில் இந்தப் பாசிகளுக்குப் பங்கு உண்டு என்று 1939இல் பி.கே. டே எடுத்துக்காட்டினார். இன்றும் பரிந்துரை எளிமையானதே: நட்ட பத்தாம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ செதிலைப் பொடித்துத் தூவி, தண்ணீரை மெல்லிய படலமாக நிறுத்த வேண்டும். எல்லாம் கூடிவந்தால் ஒரு பருவத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 8 முதல் 12 கிலோ, யூரியாவில் சொன்னால் அரை மூட்டை. இதற்கு மேல் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதன் பெரிய பலம் காய்ச்சலைத் தாங்குவது. அனபீனா, நாஸ்டாக், அலோசிரா இனங்கள் தண்ணீர் வற்றினால் அகினீட் என்ற தடித்த உறங்கு செல்லாகி மண்ணில் கிடக்கும். திரும்ப நனைந்தால் முளைக்கும். முறைப்பாசனத்தில் தண்ணீர் வந்து வந்து போகிற கடைமடை வயலுக்கும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக ஒற்றை நாற்று நடுகிறவருக்கும் இது பெரிய ஆறுதல்.

வீட்டிலேயே பெருக்கலாம். தகரத் தட்டிலோ சிமென்ட் தொட்டியிலோ, பத்து கிலோ சலித்த வயல் மண்ணுக்கு 200 கிராம் சூப்பர் பாஸ்பேட், 2 கிராம் சோடியம் மாலிப்டேட் சேர்த்து, நாலு விரற்கடைத் தண்ணீர் நிறுத்தி, தெளிந்ததும் தாய்ப்பாசியைத் தூவி நல்ல வெயிலில் விட வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் பாய் விரித்தாற்போல் படரும். தண்ணீரை வற்றவிட்டுக் காயவைத்தால் செதில் உரிந்து வரும். மாலிப்டினம் எதற்கு என்றால், நைட்ரோஜனேஸின் நடுவில் இரும்போடு இருக்கும் உலோகம் அது. அது இல்லாமல் பாசி பச்சையாக வளரலாம், நைட்ரஜன் பிடிக்காது. தொட்டிக்குள் மாட்டுச்சாண நீரையோ யூரியாக் கரைசலையோ ஊற்றிச் சீக்கிரம் பெருக்க நினைப்பது தப்பு: அம்மோனியா கிடைத்தால் ஹெட்டிரோசிஸ்ட் இல்லாத சாதாரணப் பச்சைப் பாசிதான் முந்திக்கொண்டு மேலே வரும்.

வயலில் கெடுவது எங்கே? மூன்று இடத்தில்.

பூச்சி. தண்ணீரில் துள்ளும் சின்ன ஓட்டு நீர்ப்பூச்சிகளும் நத்தையும் கொசுப்புழுவும் பாசியை மேய்ந்துவிடும். தூவி ஒரு வாரம் பாசி தெரியாமல் போனால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். அடியுரத்தோடு வேப்பம்பிண்ணாக்குப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை குறையும். தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி பாசிக்கு நஞ்சு என்பதையும் மறக்கக் கூடாது.

நிழல். பயிர் தூர் கட்டி இடைவெளியை மூடிய பிறகு கீழே வெளிச்சம் போகாது. சர்க்கரை வரவு நின்றால் நைட்ரஜன் வேலையும் நிற்கும். ஆகவே நட்ட பத்தாம் நாளிலிருந்து நாற்பது, நாற்பத்தைந்தாம் நாள் வரைதான் இதற்கு வாய்ப்பு.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. பாசி நன்றாக வளரும் வயலில் நடுப்பகலில் தண்ணீரின் கரியமில வாயு முழுவதையும் அது இழுத்துவிடும். அதனால் தண்ணீரின் பிஎச் 9க்கு மேல் ஏறும். காரத் தண்ணீரில் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். அதே தண்ணீரில் மேலுரமாக யூரியாவை வீசினால் இரட்டை நட்டம்: யூரியா காற்றில் போகிறது, போகும் முன் பாசியின் நைட்ரஜன் வேலையையும் நிறுத்திவிட்டுப் போகிறது. மூட்டை யூரியாவும் போட்டேன், பாசியும் போட்டேன், இரண்டாலும் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பாசி விட்ட வயலில் மேலுரம் போடுவதானால், தண்ணீரை வடித்து, சேற்றில் தூவி, களை எடுக்கும் கருவியால் மண்ணோடு கலந்து, மறுநாள் தண்ணீர் கட்ட வேண்டும். சேற்றுக்குள் போன அம்மோனியம் வேருக்கு. மேல் தண்ணீர் பாசிக்கு. யூரியா தண்ணீரில் கரைந்து அம்மோனியமாகி அடங்க ஒரு வாரம் எடுக்கும் என்பதால், எந்த உரத்துக்கும் பாசித் தூவலுக்கும் நடுவில் ஏழு நாளாவது இடைவெளி விடுவது நல்லது.

அசோலா: கூடுதல் சத்து, கூடுதல் வேலை

அசோலாவில் தராசின் ஒரு தட்டைச் செடி தன் கைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. இலைக் குழிக்குள் இருக்கும் நாஸ்டாக்குக்குச் சர்க்கரை வருவது செடியிலிருந்து; அம்மோனியாவைப் பிடித்துக் குளூட்டமைனாக்கும் நொதி அதனிடம் குறைவு. அதனால் பிடித்த நைட்ரஜனில் பெரும்பங்கை அம்மோனியாவாகச் செடிக்கு விட்டுவிடுகிறது. எவ்வளவு பிடித்தாலும் அதன் பசி தீருவதில்லை. ஆகவே மேலும் மேலும் பிடிக்கிறது. தனியே வாழும் அனபீனாவில் பத்து, இருபதுக்கு ஒன்றாக இருக்கும் ஹெட்டிரோசிஸ்ட், அசோலாவின் முதிர்ந்த இலையில் நூற்றுக்கு இருபது, முப்பது வரை போகிறது. வெளித்தண்ணீரில் கொஞ்சம் யூரியா இருந்தாலும் குழிக்குள் இருப்பது அனபீனா அளவுக்கு உடனே படுத்துவிடுவதில்லை. இந்த ஒரு குணத்தாலேயே யூரியாவை முழுதாக விடமுடியாத விவசாயிக்கு நாம் அசோலாவை முன்னால் வைக்கிறோம்.

இன்னொரு நன்மை: தண்ணீரை மூடிக்கொள்வதால் கீழே பாசிக்கு வெளிச்சம் போகாது, பிஎச் ஏறாது, போட்ட யூரியா பறப்பதும் குறையும். களையும் அமுங்கும்.

சத்துக் கணக்கு இது. ஏக்கருக்கு 4 டன் பச்சை அசோலா படர்ந்தால் அதில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் உலர் பொருள்: 200 முதல் 240 கிலோ. அதில் 4 முதல் 5 விழுக்காடு தழைச்சத்து. ஆக 8 முதல் 12 கிலோ, மறுபடி அரை மூட்டை. ஆனால் இது ஒரு மடக்குக்கு, அதாவது ஒரு முறை சேற்றில் மிதித்துப் புதைப்பதற்கு. மடக்கியபின் மிஞ்சியது திரும்பப் படர்ந்து, இரண்டாவது களையெடுப்பில் இன்னொரு முறை மடக்க முடிந்தால் ஒரு மூட்டை வரை வரும். கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய பத்துக்கு ஒன்று என்று இருப்பதால் சேற்றில் மிதித்த எட்டு, பத்து நாளிலேயே அழுகிச் சத்து விடத் தொடங்கும்.

அந்த 4 டன்னை எட்டுவதுதான் சோதனை. பரிந்துரைப்படி நட்ட மூன்று முதல் ஐந்து நாளில் ஏக்கருக்கு 100 கிலோ விடுகிறோம். 100 கிலோ 4,000 ஆக ஐந்து தடவைக்கு மேல் இரட்டிக்க வேண்டும். நல்ல சூழலில் நாலைந்து நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும். இருபத்தைந்து நாளில் வயல் மூடிவிடும். வெயிலில் வாடி ஏழு நாளுக்கு ஒரு முறை என்று ஆனால் முப்பத்தேழு நாள். அதற்குள் பயிர் நிழல் கட்டிவிடும், களையெடுக்கும் நாளும் போய்விடும். ஆக, தாமதமாக இரட்டிக்கும் பருவத்தில் 100க்குப் பதில் 200 கிலோ விட்டு ஒரு இரட்டிப்பை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம்.

இங்கேதான் நம் இரண்டு நெல் பருவங்களான காரும் பிசானமும் பிரிகின்றன. அசோலாவுக்குப் பிடித்தது 20 முதல் 30 டிகிரி வெப்பம். 35 டிகிரிக்கு மேல் தடுமாறும். ஆனி, ஆடிக் கார் நடவின்போது பாளையங்கோட்டைப் பக்கத்து வெயில் இதற்கு ஒத்துவராது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் சாரல் இருக்கும்போது ஓரளவு தாங்கும். ஆனால் அங்கேயும் செங்கோட்டைக் கணவாய் வழி வீசும் ஆடிக் காற்று மிதக்கும் அசோலாவை வாரிக் கிழக்கு வரப்பில் அடை அடையாக ஒதுக்கிவிடும். ஒதுங்கிய இடத்தில் அடுக்கு மேல் அடுக்காகி அடியிலிருப்பது அழுகும், வயலின் மற்ற பகுதி வெறும் தண்ணீராய்க் கிடக்கும். வயலுக்குள் குறுக்கே வைக்கோல் புரியையோ மூங்கில் கழியையோ மிதக்கவிட்டு மூன்று, நான்கு பாத்தியாகத் தடுத்தால் இது மட்டுப்படும். ஐப்பசி நடவுக்குப் பிறகான பிசானத்தில் வெப்பம் பொருந்துகிறது, காற்றும் அடங்கிவிடுகிறது. அங்கே பயம் மழை. 2023 டிசம்பர் 17, 18இல் கொட்டியது போன்ற மழையில் வரப்பே நிற்காது, அதை விடுங்கள்; சாதாரண அடைமழையிலேயே கழிவு மடை வழியாக அசோலா அடுத்த வயலுக்குப் போய்விடும். மடையில் நைலான் வலைத் துண்டைக் கட்டிவைக்க வேண்டும்.

பாஸ்பரஸ் இல்லாவிட்டால் அசோலா செம்பழுப்பாகி வேர் நீண்டு சின்னதாகிவிடும். வெயில் கடுமையிலும் சிவக்கும் என்பதால் குழப்பம் வரலாம்: பகுதி நிழலில் இருப்பதும் சிவந்தால் காரணம் பாஸ்பரஸ். பாஸ்பரஸ் தரும் மணிச்சத்து உரம் முழுவதையும் உழும்போதே சேற்றில் புதைத்துவிட்டால் மிதக்கிற செடிக்கு எட்டாது. ஏக்கருக்கான 100 கிலோ சூப்பர் பாஸ்பேட்டில் பத்து கிலோவை எடுத்து வைத்து, அசோலா விட்ட நாலாம் நாளும் எட்டாம் நாளும் பாதி பாதியாகத் தூவலாம்.

ஒரு ஏக்கருக்கு ஒரு சென்ட் நாற்றங்கால் போதும். 20 மீட்டருக்கு 2 மீட்டர் பாத்தி, பத்து சென்டிமீட்டர் தண்ணீர், பத்து கிலோ சாணத்தை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, 100 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் எட்டு கிலோ தாய் அசோலாவும். நாலாம், எட்டாம் நாளில் இன்னும் 100, 100 கிராம் சூப்பர். இரண்டு, மூன்று வாரத்தில் 100 கிலோ எடுக்கலாம். இலையைச் சுருட்டிக் கூடு கட்டும் புழு தெரிந்தால் அன்றே வேப்ப எண்ணெய்க் கரைசல் தெளிக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் பாத்தி காலி. சித்திரை, வைகாசியில் தாய்ச்செடியைக் காப்பாற்றத் தென்னை நிழலே சிறந்தது. நட்ட மூன்றாம் நாளில் களைக்கொல்லி போடுகிறவர் அதே வாரத்தில் அசோலா விடக் கூடாது. மாடு வைத்திருப்பவருக்கு நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ தீவனமாகவும் ஆகும். அந்த வகையில் நாற்றங்கால் ஆண்டு முழுக்கப் பயன்படுகிறது.

சிவப்புக் கரைசல்: தழைச்சத்துக்காக வேண்டாம்

முட்டை, அஜினமோட்டோ, குளத்துத் தண்ணீர், வெளிச்சம் புகும் பாட்டில், வெயில். மூன்று, நான்கு வாரத்தில் சிவந்துவிடும் இந்தக் கரைசலில் இருப்பது ரோடோசூடோமோனாஸ் போன்ற ஊதா பாக்டீரியா. நீலப்பச்சைப் பாசியைப் போல் இது தண்ணீரைப் பிளப்பதில்லை, ஆக்ஸிஜன் விடுவதில்லை. அழுகலில் வரும் அசிட்டேட், பியூட்டிரேட் போன்ற அமிலங்களைக் கார்பனாக எடுத்துக்கொண்டு, ஒளியை ஆற்றலாக மட்டும் பயன்படுத்தும். இதனாலும் நைட்ரஜன் பிடிக்க முடியும், உண்மைதான். ஆனால் இதன் தராசு இன்னும் கண்டிப்பானது. இவ்வகைப் பாக்டீரியா குளூட்டமைன் அளவை வைத்து நைட்ரஜன் நிலையை அறிகின்றன. அம்மோனியம் கொடுத்த சில நிமிடங்களிலேயே, ஏற்கெனவே செய்து வைத்த நைட்ரோஜனேஸையே பூட்டிவைக்கும் வழி ரோடோஸ்பிரில்லம் ரூப்ரம் போன்றவற்றில் இருக்கிறது.

அஜினமோட்டோ என்பது குளூட்டமேட் உப்பு. அது மெதுவாகச் செலவாகும் நைட்ரஜன், அதனால் நைட்ரோஜனேஸைப் பூட்டுவதில்லை. இப்படி வளரும்போது மிஞ்சிய எலக்ட்ரான்களை நைட்ரோஜனேஸ் ஹைட்ரஜன் வாயுவாக வெளியே தள்ளும். 1949இல் ஹோவர்ட் கெஸ்ட், மார்ட்டின் கேமன் இருவரும் கண்டறிந்தது இதைத்தான். ஆகவே பாட்டில் மூடியை இறுக்கக் கூடாது, பக்கத்தில் நெருப்பு கூடாது. முட்டையைக் கூடுதலாகப் போட்டால் கதை மாறும்: புரதம் அழுகி அம்மோனியா வரும், நைட்ரோஜனேஸ் பூட்டிக்கொள்ளும், கரைசல் அழகாகச் சிவந்தே இருக்கும். சிவப்பு என்பது பாக்டீரியா வளர்ந்ததற்குச் சாட்சி. நைட்ரஜன் பிடித்ததற்குச் சாட்சி அன்று. அழுகிய முட்டைக் கரைசலைக் கீரை, வெள்ளரி போல் பச்சையாகத் தின்னும் பயிரில் தெளிப்பது நோய்க்கிருமியையும் சேர்த்துத் தெளிப்பதாகும்.

அளவைப் பாருங்கள். அடர்த்தியாகச் சிவந்த கரைசலில்கூட லிட்டருக்கு இரண்டு, மூன்று கிராம் உலர் எடைதான் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன். இருபது லிட்டரில் பத்து கிராமைத் தாண்டாது. வயலில் பெருகும் என்றால், அதற்கு வெளிச்சமும் வேண்டும், ஆக்ஸிஜனும் கூடாது. பகலில் பாசி விடும் ஆக்ஸிஜன் தண்ணீரில் நிறைந்திருக்க, இரண்டும் பொருந்துமிடம் சேற்றின் மேல் சில மில்லிமீட்டர் மட்டுமே. தழை நிறைய மடக்கி அமில வாடை வீசும் வயலில் அந்த அமிலத்தை உண்ண இது உதவலாம். 48 கிலோ தழைச்சத்துக் கணக்கில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்க முடியாது.

யாருக்கு எது

காலில் தலைமடை, தண்ணீருக்குத் தட்டுப்பாடு இல்லை, பிசானம், களைக்கருவி ஓட்ட ஆளும் வரிசை நடவும் உண்டு என்றால் அசோலாதான். இரண்டு மடக்குக்குத் திட்டமிட்டு, முதல் மடக்குக்குப் பின் ஒரு மேலுர யூரியாவில் அரை மூட்டையைக் குறைக்கலாம். இரண்டாவது மடக்கு நன்றாக வந்ததைக் கண்ணால் பார்த்தபின் மட்டும் இன்னும் குறைக்கலாம். முன்கூட்டியே குறைத்துவிட்டு அசோலா மழையில் போனால் பயிர் வெளுக்கும்.

கார் பருவம், திறந்த வெயில், முறைப்பாசனம் என்றால் நீலப்பச்சைப் பாசி. செலவு குறைவு, தோற்றாலும் இழப்பு சிறிது. ஆனால் மேலுரத்தைத் தண்ணீரில் வீசும் பழக்கத்தை விடாதவர் இதை வாங்கவே வேண்டாம். அவர் அந்தப் பணத்தை அடியுரமாகக் கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ விதைக்கச் செலவிடுவது மேல்.

நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளத்துப் பாசனத்தில் குளம் பெருகுவது பெரும்பாலும் வடகிழக்கு மழையில்தான், தண்ணீர் எத்தனை நாளுக்கு என்பதும் உறுதியில்லை. அங்கே அசோலாவைத் தொட்டியில் மாட்டுக்காக வளர்த்து, வயலுக்குப் பாசியை விடலாம். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே கடலை நெருங்கும் உப்புத் தட்டிய வயல்களிலும் அதுவே பொருந்தும். உப்புக்கு அசோலா முதலில் ஒடுங்கும், பாசி தாங்கும். அப்படிப்பட்ட வயலில் பாசி பிடித்ததா என்று இருபதாம் நாள் காலையில் பார்க்கலாம்: நீலம் கலந்த கரும்பச்சைப் படலம் சேற்றோடு ஒட்டித் தடிமனாக, தொட்டால் வழவழப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளிர் பச்சையாகப் பஞ்சு போல் மேலே மிதந்தால் அது சாதாரண நூற்பாசி, தண்ணீரில் இன்னும் யூரியா இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த யூரியாத் தவணையை ஒரு வாரம் தள்ளிப் போடலாம்.